முயல் கத்தாத தூரம்

“மெரினாவுல பலூன் சுடுற துப்பாக்கிக்கா லைசென்ஸ்?” என்று கேட்டுவிட்டு என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஆமாம், அதற்கேதான். சிட்னியில் காற்றுத் துப்பாக்கி விளையாட்டுச் சாமான் இல்லை. பாதுகாப்பு வகுப்புக்குப் போய், தேர்வு எழுதி, போலீஸிடம் விண்ணப்பித்து, வீட்டுச் சுவரில் இரும்புப் பெட்டி ஒன்றைப் போல்ட் போட்டு இறுக்கிய பிறகுதான் அதை வீட்டுக்குள் கொண்டுவரலாம். டூங்கபியில் நாங்கள் இருந்தது வாடகை வீடு. காலண்டர் மாட்ட ஆணி அடிப்பதற்கே ஏஜென்டிடம் கேட்க வேண்டும். துப்பாக்கிப் பெட்டிக்கு அனுமதி கேட்டு நான் அந்த அலுவலகத்தில் உட்கார்ந்த உட்காரலில், அங்கிருந்த பெண் என்னை வெளியே அனுப்பினால் போதும் என்று சரி சொல்லிவிட்டாள். சாமி படங்கள் இருந்த அலமாரிக்குப் பக்கத்துச் சுவர்தான் கெட்டியாக இருந்தது. பெட்டி அங்கேயே நின்றது. விளக்கேற்றும்போதெல்லாம் என் கணவர் அதற்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டு என்னைக் கடுப்பேற்றினார்.

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்தபோது நான் என்.சி.சி.யில் இருந்தேன். முகாமில் மணல் மூட்டைக்குப் பின்னால் குப்புறப் படுத்து ரைஃபிள் சுடுவோம். பெண்கள் பிரிவில் எனக்குத்தான் முதலிடம். அப்புறம் நுண்ணுயிரியல், கல்யாணம், சென்னையில் ஒரு ஆய்வுக்கூடம், 2009இல் சிட்னி. வெஸ்ட்மீட்டில் ஆஸ்பத்திரி லேபில் வேலை. நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக் கிருமி பார்ப்பேன். மறுபடியும் சுட வேண்டும் என்று தோன்றியதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. எனக்கு அது பிடிக்கும், அவ்வளவுதான். பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம் என்று கேட்டவர்கள் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

நான் வாங்கியது நடுத்தரமான ஒரு ஸ்பிரிங் துப்பாக்கி. குழலை மடக்கினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் இறுகும். விசையை இழுத்தால் அது விரிந்து காற்றை அமுக்கி ஈயக் குண்டைத் தள்ளும். சனிக்கிழமைகளில் ஊருக்கு வெளியே இருந்த ஒரு சுடும் கிளப்பில் போய்ச் சுடுவேன். அங்கே இன்னொரு தமிழர் வருவார். கோயம்புத்தூர்க்காரர், ஸ்ட்ராத்ஃபீல்டில் குடியிருந்த மென்பொருள் பொறியாளர், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். தம்பி என்றுதான் கூப்பிடுவேன். கடையில் இருந்ததிலேயே பெரிய துப்பாக்கியை அவர் வாங்கியிருந்தார். குண்டு விநாடிக்கு ஆயிரத்துச் சொச்சம் அடி வேகத்தில் போகும் என்று அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அந்தப் பெட்டியைக்கூட அவர் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். “ஸ்பீடு இருந்தா மத்ததெல்லாம் தானா வருமுங்க்கா,” என்பார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

எங்களுக்குக் கீரை கொடுத்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வன்னியிலிருந்து படகில் வந்தவர். தடுப்பு முகாமில் இருந்து, வெளியே வந்து, கோழி வெட்டுகிற ஃபாக்டரியில் நின்று, அதன் பிறகு சிட்னிக்கு மேற்கே ஒரு மால்டா நாட்டுக் கிழவரின் நிலத்தில் ஒரு துண்டைக் குத்தகைக்கு எடுத்துத் தோட்டம் போட்டார். தன்னந்தனி ஆள். கீரை, கத்தரி, வெண்டி, நாங்கள் காராமணி என்றும் அவர் பயித்தங்காய் என்றும் சொல்கிற நீளக் காய். சனிக்கிழமை காலையில் டூங்கபியில் ஒரு மளிகைக் கடை வாசலில் வேனை நிறுத்துவார். அரை மணி நேரத்தில் எல்லாம் போய்விடும். அவருடைய முளைக்கீரையைச் சாப்பிட்ட பிறகு சூப்பர்மார்க்கெட் கீரையை என் வீட்டில் யாரும் தொடுவதில்லை.

2012 தொடக்கத்தில் இரண்டு சனிக்கிழமை வேன் வரவில்லை. மூன்றாம் வாரம் வந்தபோது நாலு கத்தரிக்காயும் கொஞ்சம் கறிவேப்பிலையும்தான் இருந்தன.

“முழுக்க முயல் திண்டிட்டுது, தங்கச்சி,” என்றார். “முதல் விதைப்பும் போச்சு, இதும் போச்சு.”

நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற ரகம் இல்லை. அடுத்த ஞாயிறே தோட்டத்தைப் பார்க்கப் போனேன். அணைக்குட்டையின் கரையில் பிளாக்பெர்ரி முள்புதர் யானை உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. அதற்கு அடியில் முழுக்க முயல் வளை. வளையும் தோட்டமும் ஒரே வேலிக்குள் இருந்ததால் வேலியால் ஒரு பயனும் இல்லை. கிழவரிடம் நாய்கள் இருந்தன, அதனால் விஷம் வைக்க விடமாட்டார். அவரிடம் ஒரு நல்ல ரைஃபிள் இருந்தது. ஆனால் பக்கத்து நிலத்தில் குதிரைகள். ஒருமுறை சுட்டபோது குதிரை மிரண்டு வேலியை உடைத்துக்கொண்டு ஓட, அந்த வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். சத்தம் போடாத துப்பாக்கி என்றால் தாராளமாகச் சுடு என்று கிழவர் எனக்கு அனுமதி கொடுத்தார். இன்னொன்றையும் அவர் ஒளிக்காமல் சொன்னார். அவருடைய மருமகன் அந்தத் துண்டில் குதிரை கட்டக் கேட்டுக்கொண்டிருக்கிறான். வசந்தத்தில், இங்கே அது செப்டம்பர், போடுகிற பயிரும் போனால் நிலத்தை அவனுக்குக் கொடுத்துவிடுவார்.

அக்காவுக்கு அது தெரியும். அந்தத் துண்டை விட்டால் மறுபடி கோழி ஃபாக்டரிதான். “உதொண்டுதான் நான் இஞ்சை வந்து என்ரை கையாலை செய்தது,” என்று ஒருமுறை நிலத்தைக் காட்டிச் சொன்னார். வேறெதையும் பற்றி அவர் பேசியதில்லை, நானும் தோண்டிக் கேட்டதில்லை.

முதல் தடவை தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய துப்பாக்கி இருக்கிறதே. மாலை வெயில் சாய்ந்ததும் புதரிலிருந்து ஒரு முயல் வெளியே வந்து நின்றது. தூரம் நாற்பது மீட்டருக்குக் குறையாது. தம்பி குறி பார்த்தார், சுட்டார். குண்டு போன சத்தமே சாட்டை சொடுக்கிய மாதிரி இருந்தது. பக்கத்து நிலத்தில் குதிரைகள் தலையைத் தூக்கின. முயல் துள்ளி விழுந்தது. பிறகு கத்த ஆரம்பித்தது.

முயல் கத்தும் என்றே எனக்கு அதுவரை தெரியாது. உயிர் போகிற வலி வந்தால்தான் கத்துமாம். பச்சைக் குழந்தை வீறிடுவதற்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. குண்டு தலையில் படாமல் இடுப்பில் பட்டிருந்தது. பின்னங்கால்கள் இழுபட, முன்னங்கால்களால் மண்ணைப் பறித்துக்கொண்டு அது கத்தியது. நான் ஓடிப்போய்க் கிட்டத்தில் வைத்து முடித்தேன். அதற்குள் அக்கா கொட்டகையிலிருந்து வெளியே ஓடி வந்திருந்தார். காலில் செருப்பில்லை.

“ஆற்றை பிள்ளை? ஆற்றை பிள்ளை கத்துது?” யாருடைய பிள்ளை என்று கேட்கிறார்.

“முயல்க்கா. முயல்தான். பாருங்க, முயல்.”

அவர் முயலைப் பார்க்கவில்லை. சுற்றிலும் பார்த்தார், வரப்புக்கு அந்தப் பக்கம், வாய்க்காலுக்குள், கூடைகளுக்குப் பின்னால் எல்லாம் பார்த்தார். பிறகு கத்தரிப் பாத்தியின் நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் தோளைப் பிடித்து எழுப்பப் பார்த்தேன், முடியவில்லை. எனக்கு வந்த கோபத்தையெல்லாம் தம்பி மேல் கொட்டினேன். பாவம், அவர் ஏற்கெனவே பேயறைந்த மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

வெகுநேரம் கழித்து அக்கா எழுந்து எங்களுக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தார். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்:

“முயலைக் கொல்லுறதிலை எனக்கு ஒண்டுமில்லை, தங்கச்சி. கோழி ஃபாக்டரியிலை நிண்டனான். ஆனா அந்தக் கத்தல் என்னாலை கேக்க ஏலாது. இன்னுமொருக்கா அது கத்திச்செண்டால் நான் இந்தக் காணியை விட்டிட்டுப் போயிடுவன். முயல் முழுக்கத் திண்டுகொண்டு இருக்கட்டும்.”

அது மிரட்டல் இல்லை. போய்விடுவார் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. காரில் திரும்பும்போது நான் மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். வசந்தத்தில் விதைக்கும்போது நான் அங்கே இருப்பேன். சுடுவேன். ஒன்றுகூடக் கத்தாது. தலைகீழாக நின்றாவது இதைச் செய்தே தீர்வேன்.

முயல் கத்தாமல் சாக வேண்டுமானால் குண்டு அதன் மூளையில் பட வேண்டும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கிற இடம். ஒரு பத்து சென்ட் நாணயத்தால் மூடிவிடலாம். நான் அட்டையில் அந்த நாணயத்தை வைத்துப் பேனாவால் வட்டம் போட்டு, கிளப்பில் நிறுத்திச் சுட ஆரம்பித்தேன்.

முதலில் தம்பியின் துப்பாக்கியை வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். குண்டுகள் ஒரு சாசர் அகலத்துக்குச் சிதறின. அந்த இரும்பு ஸ்பிரிங் விரியும் வேகத்தில் துப்பாக்கியே கையில் குதித்தது. இலேசான குண்டுக்கு வேகம் கூடக்கூட, காற்றில் நேராகப் போகாமல் ஆட்டம் போட்டது. குண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டியதால்தான் அந்தச் சாட்டைச் சத்தமும் வந்தது. கனமான குண்டு போட்டால் சத்தம் போனது, சிதறல் குறைந்தது, ஆனாலும் நாணயத்துக்குள் வரவில்லை. சரி, வேகம் வேண்டாம், என் துப்பாக்கியே போதும் என்று அதை எடுத்தேன். அதுவும் ஒரு கிண்ண அகலத்துக்குச் சிதறியது. எனக்கு வந்ததே ஆத்திரம். பெண்கள் பிரிவில் முதலிடம் வாங்கியவளுக்குக் கிண்ண அகலமா?

குண்டு சரியில்லை என்றேன். வேறு டப்பா வாங்கினேன். குறி பார்க்கிற ஸ்கோப் சரியில்லை என்றேன். கழற்றி மாட்டினேன். வாரம் தவறாமல் போனேன். என்.சி.சி.யில் சொல்லிக்கொடுத்தபடி துப்பாக்கிக் கட்டையைத் தோளோடு இறுக்கி, இடது கையால் முன்பக்கத்தைக் கெட்டியாகப் பிடித்து, மூச்சை அடக்கிச் சுட்டேன். எவ்வளவு இறுக்கிப் பிடித்தேனோ அவ்வளவு சிதறியது. சிதறச் சிதற நான் இன்னும் இறுக்கினேன். வீட்டுக்கு வந்தால் தோளில் கன்றிப்போன தடம் இருக்கும். “முயலு சுடுதா, நீ சுடுறியா?” என்று என் கணவர் கேட்டார். அன்றைக்கு அவருக்குச் சோறு ஆறிப்போய்த்தான் கிடைத்தது.

ஏப்ரலில் ஆஸ்பத்திரியில் எங்கள் எல்லாருக்கும் ஃப்ளூ ஊசி போட்டார்கள். எனக்கு இடது கையில் போட்டது அந்த வருடம் வீங்கிக்கொண்டது. மறுநாள் சனிக்கிழமை. கையை முழுதாக மடக்கக்கூட முடியவில்லை. வேறு யாராக இருந்தாலும் வீட்டில் கிடந்திருப்பார்கள். நான் கிளப்புக்குப் போனேன். இடது கையால் எதையும் பிடிக்க முடியாததால் உள்ளங்கையைத் திறந்து வைத்து, சூடான டீ டம்ளரை ஏந்துகிற மாதிரி துப்பாக்கியை அதன் மேல் சும்மா படுக்க வைத்தேன். வலியில் தோளோடும் இறுக்கவில்லை. ஏனோதானோ என்றுதான் சுட்டேன். ஐந்து குண்டு போட்ட பிறகு ஸ்கோப்பில் பார்த்தால் அட்டையில் ஒரே ஒரு ஓட்டைதான் தெரிந்தது. மற்ற நாலும் எங்கேயோ வெளியே போய்விட்டன என்று நினைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஐந்தும் அந்த ஓட்டைக்குள்ளேயே போயிருந்தன. ஓரம் கொஞ்சம் பிய்ந்திருந்தது, அவ்வளவுதான்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் என்.சி.சி. பையன்தான், அவரும் இத்தனை நாளாக என்னை மாதிரியே இறுக்கிக்கொண்டிருந்தார். மருந்து வெடித்துச் சுடுகிற ரைஃபிளில் குண்டு கண்மூடித் திறப்பதற்குள் குழலை விட்டுப் போய்விடும், அதை இறுக்கிப் பிடிக்கலாம். ஸ்பிரிங் துப்பாக்கியில் குண்டு வெளியே போவதற்கு முன்பே துப்பாக்கி முன்னும் பின்னும் ஒரு ஆட்டம் ஆடிவிடும். அந்த ஆட்டத்தை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஆட விட்டுவிட வேண்டும். நாம் இறுக்கிப் பிடித்தால் நம் கைக்குத் தகுந்தபடி அது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் திமிறும். கிளப்பில் இருந்த வெள்ளைக்காரர்கள் யாருக்கும் இந்தத் தொல்லை இல்லை. பரேடில் நிற்க வைத்து ‘இறுக்கிப் பிடி’ என்று அவர்கள் காதில் யாரும் கத்தியதில்லை. எனக்குப் பதினெட்டு வயதில் கிடைத்த பதக்கம்தான் இத்தனை மாதம் என்னைக் கெடுத்திருக்கிறது.

நான் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தபோது தம்பி ஒரு நல்ல கேள்வி கேட்டார்.

“எல்லாஞ் சரிங்க்கா. போய்ப் படும். ஆனா உள்ள போகுமாங்க? கொறஞ்ச பவர்ல மண்டையில பட்டு நின்னுக்கிச்சுன்னா அப்பவும் கத்துமல்லங்க?”

எரிச்சலாக இருந்தாலும் அவர் கேட்டது சரி. துணி துவைக்கிற சோப்புக் கட்டி ஒரு பை நிறைய வாங்கி வந்தோம். கிழவரிடம் கேட்டுக்கொண்டு, அக்கா வேனில் போயிருந்த ஒரு காலையில், தோட்டத்து மண்மேட்டுக்கு முன்னால் சோப்புகளை வரிசையாக நட்டுச் சுட்டுப் பார்த்தோம். நாற்பது மீட்டரில் என் குண்டு சோப்பில் பாதிகூடப் போகவில்லை. முப்பதில் பரவாயில்லை. இருபத்தைந்தில் சோப்பைத் துளைத்துப் பின்பக்கம் பிதுக்கிக்கொண்டு நின்றது. தம்பியின் துப்பாக்கி நாற்பதிலும் சோப்பைப் பிளந்தது, ஆனால் அந்தத் தூரத்தில் அவர் சுட்டதில் மூன்றில் ஒன்றுதான் சோப்பில் பட்டது. கையைத் தளர்த்திக்கொண்ட பிறகும் அந்த ஸ்பிரிங் அவரை உதறிக்கொண்டுதான் இருந்தது.

எந்தத் துப்பாக்கி நல்லது என்று மாதக்கணக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அன்றைக்கு அந்தச் சோப்பு வாசனையில் நின்றபோது எனக்கு ஒன்று பட்டது. துப்பாக்கியை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. நான் நிற்கிற இடத்தைத்தான் மாற்ற வேண்டும். இருபத்தைந்து மீட்டருக்குள் இருந்தால் என் துப்பாக்கிக்கு வேண்டிய பலமும் உண்டு, என் கைக்கு வேண்டிய துல்லியமும் உண்டு. அதைத் தாண்டிவிட்டால் முதலில் ஒன்று குறையும், பிறகு இரண்டும் போய்விடும். அந்தக் கோட்டுக்கு அப்பால் எந்த முயல் வந்து நின்றாலும் நான் விசையைத் தொடமாட்டேன். எழுந்து நின்று எனக்கு டாட்டா காட்டினாலும் தொடமாட்டேன்.

ஆனால் முயல் அவ்வளவு கிட்டே வர வேண்டுமே. குளிர்காலம் முழுக்க அந்த வேலைதான். என் வாசனை முயலுக்கு எட்டாதபடி மேல்காற்று அடிக்கிற பக்கத்தைப் பார்த்து, புதரிலிருந்து பாத்திக்கு அவை வருகிற தடத்துக்கு அருகில், காய் அடுக்குகிற பிளாஸ்டிக் கூடைகளை மறைப்பாக அடுக்கினேன். அவற்றை அப்படியே விட்டுவிட்டேன், முயல்களுக்குப் பழகட்டும் என்று. மறைப்பிலிருந்து இருபத்தைந்து மீட்டரில் ஒரு மூங்கில் குச்சியை நட்டேன். வாரத்துக்கு ஒருமுறை போய்க் கூடைகளுக்குப் பின்னால் துப்பாக்கி இல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பேன். விரல்கள் மரத்துப்போகும். முயல்கள் வந்து, உட்கார்ந்து, முகத்தைக் கழுவி, களையை மேய்ந்துவிட்டுப் போகும். அக்கா தூரத்திலிருந்து பார்ப்பார், ஒன்றும் கேட்கமாட்டார். கிளப்பில் என் அட்டைகள் மட்டும் வாரா வாரம் சுத்தமாகிக்கொண்டு வந்தன. நாணய வட்டத்துக்கு வெளியே ஒரு குண்டு விழுந்தால்கூட அன்றைக்கு வீட்டில் யாரும் என்னோடு பேசாமல் இருப்பது நல்லது.

செப்டம்பரில் அக்கா விதைத்தார். அக்டோபரில் பயித்தங்கொடிகள் கம்பில் ஏற ஆரம்பித்தன. ஒரு வாரத்தில் ஓரத்து வரிசையின் குருத்தெல்லாம் கத்தரித்தது போல் காணாமல் போயிருந்தது. நான் போன் செய்தேன்.

“இந்தச் சனிக்கிழமை வர்றேன்க்கா. நீங்க அன்னைக்கு டவுனுக்குப் போயிருங்க. நான் முடிச்சிட்டுச் சொல்றேன்.”

“இல்லை, தங்கச்சி. நான் இஞ்சைதான் இருப்பன். உம்மோடை வந்து இருக்கப் போறன். தூரத்திலை இருந்து கேட்டால் எனக்குப் பயம் கூடத்தான் செய்யும்.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் இல்லாத நேரத்தில் செய்தால் ஒன்று பிசகினாலும் அவருக்குத் தெரியாமல் போய்விடும் என்று ஒரு மூலையில் எனக்கு நப்பாசை இருந்திருக்க வேண்டும். இப்போது அதுவும் இல்லை. வேண்டாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. அவருடைய நிலம், அவருடைய காது. சரி என்றேன்.

சனிக்கிழமை மாலை கூடைகளுக்குப் பின்னால் இருவரும் உட்கார்ந்தோம். அவர் ஒரு கவிழ்த்த வாளியின் மேல், நான் மண்ணில், முழங்காலில் முழங்கையை ஊன்றி. குதிரைகள் அந்தப் பக்கம் புல் கடிக்கிற சத்தம் கேட்டது. வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. முதல் முயல் புதரிலிருந்து வந்து, மூங்கில் குச்சிக்கு வெகு அப்பால், ஓரத்து வரிசைக்கே நேராகப் போய் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தது. பக்கவாட்டாக அழகாக உட்கார்ந்திருந்தது. ஸ்கோப்பில் அதன் மீசை தெரிந்தது.

“சுடுமன்,” என்றார் அக்கா மெல்ல.

நான் சுடவில்லை.

“ஏன் சுடேல்லை? தின்னுது, தங்கச்சி. உங்கை பாரும், கொடியை இழுக்குது.”

“தூரம்க்கா.”

“உதென்ன தூரம். எனக்கே தெரியுது.”

கண் முன்னால் அவருடைய பயிர் போய்க்கொண்டிருந்தது. ஒரு கொடி, அடுத்த கொடி. என் விரல் விசைக்கு வெளியே நீட்டியபடி இருந்தது. அதை உள்ளே மடக்கச் சொல்லி உடம்பு முழுவதும் என்னை நச்சரித்தது. சுட்டால் படும், எனக்குத் தெரியும். பட்டால் எங்கே படும் என்பதும், எவ்வளவு உள்ளே போகும் என்பதும்தான் தெரியாது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கையை மட்டும் இளக்கமாக வைத்திருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அந்த நிமிடத்தில் அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை.

அந்த முயல் வயிறு நிறைந்து ஓரமாக நகர்ந்தது. அப்போது தடத்தில் இன்னொன்று வந்தது, பெரிய ஆண் முயல். நாலு தாவு தாவியது, நின்றது. மூங்கில் குச்சியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, களைச் செடி ஒன்றை முகர்ந்து, தலையைத் தூக்கியது.

“காதைப் பொத்திக்கோங்கக்கா,” என்றேன்.

அவர் பொத்திக்கொண்டார். கண்ணையும் மூடிக்கொண்டார். நான் உள்ளங்கையைத் திறந்து துப்பாக்கியை அதன் மேல் படுக்க விட்டேன். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் குறுக்குக்கோடு வந்து நின்றது. இழுத்தேன். கதவைச் சாத்துகிற அளவுக்குத்தான் சத்தம். குதிரைகள் தலையைத் தூக்கவில்லை. முயல் இருந்த இடத்திலேயே பக்கவாட்டில் சாய்ந்தது. ஒரு கால் மட்டும் ஒருமுறை நீண்டு மடங்கியது. அவ்வளவுதான்.

அக்கா காதிலிருந்து கையை எடுக்கவில்லை. கத்தல் வரும் வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவர் முழங்கையைத் தொட்டேன். திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார்.

“முடிஞ்சுட்டுதோ?”

“முடிஞ்சுதுக்கா.”

“எப்ப?”

“அப்பவே.”

அவர் எழுந்து போனார். நானும் பின்னால் போனேன். முயலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, கொஞ்ச நேரம் பார்த்தார். விரலால் அதன் காதைத் தொட்டுப் பார்த்தார். கண்ணுக்குப் பின்னால் ஒரு சின்னச் சிவப்புப் பொட்டு, வேறு காயமே இல்லை. புல் மென்றபடி இருந்திருக்கிறது, வாயில் ஒரு பச்சை இணுக்கு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

“கத்தாமலும் சாகலாம், என்ன?” என்றார். என்னிடம் கேட்கவில்லை, முயலைப் பார்த்துத்தான் சொன்னார். “எனக்குத் தெரியாது, தங்கச்சி. நான் கண்ட சாவு எல்லாம் கத்தித்தான்.”

எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, வெட்கமே இல்லாமல், அந்த வரப்பில் நின்று விக்கி விக்கி அழுதேன். மாதக்கணக்கில் நாணயமும் சோப்பும் என்று நான் அளந்துகொண்டிருந்ததெல்லாம் இதற்குத்தானா என்று இருந்தது. அக்கா அழவில்லை. முயலைக் காதைப் பிடித்துத் தூக்கிக் கூடைக்குள் வைத்தார். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, தன் பழைய இடத்தில் போய் வாளியைச் சரியாகக் கவிழ்த்து வைத்து உட்கார்ந்தார். பிறகு என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

“குனியும். கண்ணைத் துடையும்,” என்றார் மெதுவாக. “அங்கை பாரும், மற்றது வந்திட்டுது. குச்சிக்கு இஞ்சாலை வரட்டும், அவசரப்படாதையும்.”

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு குண்டைப் போட்டேன். இந்தத் தடவை அவர் காதைப் பொத்தவில்லை.